குடைப்பாட்டின் வேகம்

ஜெஃப்ரி பாடினால் தண்ணீர்மலைக் குரங்குகள் திருட்டை நிறுத்திவிட்டுக் கோயில் படிகளில் வரிசையாக உட்கார்ந்து கேட்கும். நாற்பது குரங்குகளை நானே எண்ணியிருக்கிறேன்.

இதை நான் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டிக்கொண்டிருக்கும் நட்டாலி கையை எடுத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். ஜெஃப்ரியின் மகள். அவள் பார்வைக்கு முன்னால் என்னுடைய குரங்குகள் நிற்பதில்லை. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். குரங்கு ஒன்றுதான். தைப்பூசத்துக்கு மறுநாள், தண்ணீர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அது என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்று முடித்தது. பிறகுதான் ஜெஃப்ரியின் பாட்டைக் கேட்டது. ஆனால் கேட்டது. அதை மட்டும் வெட்டக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜெஃப்ரி எங்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் எனக்கு நேர் கீழ்வீடு. வயது ஐம்பத்திரண்டு. வாரத்தில் ஆறு நாள் மோட்டார் சைக்கிளில் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போய் அக்கரையில் ஜுருவில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பான். சனிக்கிழமைகளில் கித்தாரைத் தூக்கிக்கொண்டு கல்யாண விருந்துகளில் பாடப் போவான். பாட்டும் எழுதுவான். முப்பதுக்குக் குறையாமல் எழுதியிருக்கிறான். ஆனால் கல்யாண வீட்டாருக்குச் சினிமாப் பாட்டுத்தான் வேண்டும். எனவே கோழி மேசைகளில் வந்து இறங்கும் நேரத்துக்காகக் காத்திருப்பான். அப்போது ஒருவரும் மேடைப் பக்கம் திரும்ப மாட்டார்கள். அந்த நான்கு நிமிஷம் அவனுடையது. தன் பாட்டில் ஒன்றை எடுத்து விடுவான்.

“யாருமே கேக்காத நேரத்துல பாடி என்னடா பிரயோசனம்?” என்று கேட்டிருக்கிறேன்.

“கைத்தட்டலுக்காகப் பாடினா ஏமாந்துதான் போவோம் டீச்சர். கரண்டிச் சத்தம் கொஞ்சமாச்சும் கொறையுதான்னு பாக்கணும். கொறைஞ்சா ஜெயிச்சோம்லா.”

“குறையலேன்னா?”

“சமையல் நல்லா இருக்குன்னு சந்தோசப்படணும்.”

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் சமையற்கட்டுக் கதவோரம் இருக்கிற மேசையைத்தான் பார்ப்பான். தூரத்துச் சொந்தங்களையும், யார் அழைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு கிழவரையும் அங்கேதான் உட்கார வைப்பார்கள். அன்றைய பாட்டு முழுவதும் அந்த ஒரு மேசைக்குத்தான். எங்கள் மாதா கோயில் இளைஞர்கள் ஒருமுறை அவனைக் கூப்பிட்டு, எப்போதும் உற்சாகமாக இருப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஜெஃப்ரிக்குப் பட்டறையை விட்டால் வேறு உதாரணம் வராது. “ஒரு கோட்டு காயறதுக்கு முன்னால அடுத்த கோட்டு அடிச்சா பெயிண்ட் சுருங்கிடும். அழுகை வந்தா அழுதுடுங்க. அது காயட்டும். அப்புறம் அதுக்கு மேல சிரிங்க, பளபளன்னு நிக்கும்” என்றான். இதைவிட நல்ல பிரசங்கத்தை நான் அந்தக் கோயிலில் கேட்டதில்லை. ஃபாதர் மன்னிக்க வேண்டும்.

இனி குடைப்பாட்டுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றொன்பதில் கொம்தார் பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. சாண்ட்ரா அப்போது பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் வேலை பார்த்தாள். அவள் கையில் குடை இருந்தது. ஜெஃப்ரியிடம் கூச்சம் மட்டுந்தான் இருந்தது. இரண்டு முழம் தள்ளி நின்று நனைந்துகொண்டிருந்தான். அவள்தான் அதட்டினாள்.

“குடைக்குள்ள எடம் இருக்குலா. வாங்க. வந்து நின்னா என்ன, வரதட்சணையா கேக்கப்போறேன்?”

அன்றைக்கே வீட்டுக்கு வந்து எழுதிவிட்டான்.

குடைக்குள்ளே எடமிருக்கு, கூச்சத்த விட்டுட்டு வா
நனைஞ்ச சட்டை காஞ்சுபோகும், நாளைக்கும் இங்கே வா

துள்ளலான பாட்டு. கேட்கிறவர்களின் கால் தானாகத் தரையைத் தட்டும். அவர்களுடைய கல்யாண விருந்தில் ஜெஃப்ரியே அதைப் பாடினான். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த நாதன், விரலில் தீப்பிடித்தவர் மாதிரி வாசித்தார். சாண்ட்ரா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

இரண்டாயிரத்து எட்டில் நாதன் இறந்துபோனார். நல்ல மனுஷர், நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகச் சிரிப்பார். இருதயம் நின்றுவிட்டது. “எனக்கு ஒப்பாரி வேணாம், ஜெஃப்ரிய அந்தக் குடைப்பாட்டப் பாடச் சொல்லு” என்று மனைவியிடம் விளையாட்டாகச் சொல்லி வைத்திருந்தாராம். மதியம் இரண்டு மணிக்கு, பிளாட்டின் கீழ்த்தளத்தில், பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஜெஃப்ரி கித்தாரை எடுத்தான். வேகமாகத்தான் ஆரம்பித்தான். இரண்டாவது சொல்லிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல இழுத்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தான். துள்ளிய பாட்டு நடந்தது, பிறகு ஊர்ந்தது. அங்கே அழாதவர் இல்லை. நானே அழுதேன், நான் அழுதால் அது செய்தி.

மூன்று வாரம் கழித்து இன்னொரு வீட்டில் சாவு. “நாதனுக்குப் பாடினியே தம்பி, அதே மாதிரி எங்கப்பாவுக்கும் பாடு” என்று வந்து நின்றார்கள். போய்ப் பாடினான். அடுத்த மாதம் இன்னொரு வீடு. ஓரிரு வருஷத்தில் அது எங்கள் மக்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பெட்டியை மூடுவதற்கு மூடியைத் தூக்கியதும் எல்லார் கண்ணும் ஜெஃப்ரியைத் தேடும். மெதுவாகத்தான் பாட வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினால் முறைப்பார்கள். சொற்களை யாரும் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அந்த இழுவைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அது முன்னோர் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த நூறு வருஷத்துப் பழம்பாட்டு என்று ஒரு பெரியவர் எனக்கே விளக்கம் சொன்னார்.

ஜெஃப்ரியிடம் சொன்னபோது சிரித்தான். “ஹிட் பாட்டுன்னா இப்படித்தான் டீச்சர். என்ன, என் ரசிகருங்க எல்லாம் மண்ணுக்கடியில இருக்காங்க.”

ஒரு வீட்டாரையும் அவன் மறுத்ததில்லை. பாட்டு எங்கே கூப்பிடப்படுகிறதோ அங்கே போகட்டும் என்பான். ஆனால் அதைத் திரும்பவும் சிரிக்கிற இடத்தில் ஒருதரம் பாடிவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் இருந்தது. சவுந்தரம் வீட்டுக் கல்யாணத்தில் துணிந்துவிட்டான். சவுந்தரம் சாண்ட்ராவுக்குப் பெரியம்மா மகள். அவள் மகனுக்குத்தான் கல்யாணம். கோழி வந்தது, ஜெஃப்ரி குடைப்பாட்டை எடுத்தான். முதல் வரி முடியவில்லை, சவுந்தரம் பட்டுச்சேலை சரசரக்க மேடைக்கே ஏறி மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

“எங்க வீட்ல யார்றா செத்தா? ஹா? பொண்ணு மாப்ள உக்காந்திருக்காங்க, பெட்டி மூடற பாட்டப் பாடறான்!”

“அக்கா, இது லவ் பாட்டுக்கா. சாண்ட்ராவுக்கு எழுதினது. ஒங்களுக்கே தெரியும்.”

“தெரியும்லா. நல்லாத் தெரியும். எங்கம்மாவுக்கு நீதான பாடின?”

வயரைத் தானே எடுத்துச் செருகினான். சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடி இறங்கிவிட்டான்.

சாண்ட்ரா இதையெல்லாம் சிரித்தே கடந்தவள். “என் பாட்டக் கொண்டுபோயி எங்க விட்டுட்டு வந்தீங்க?” என்று அவனைச் சீண்டுவாள். ஆனால் சாவு வீடுகளில் மூடியைத் தூக்குகிற நேரத்தில் அவளை அங்கே பார்க்க முடியாது. வெளியே போய் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருப்பாள். அந்த இழுவையை அவள் ஒருதரம்கூட முழுசாகக் கேட்டதில்லை.

போன வருஷம் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை எடுத்து ஹாலில் ஜன்னலோரம் போட்டார்கள். ஜெஃப்ரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். நாள் முழுவதும் பாடினான். சமையற்கட்டு ஓரத்து மேசைக்குப் பாடுகிறவன் இப்போது அந்த ஒரு கட்டிலுக்குப் பாடினான்.

ஒருநாள் மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். சாண்ட்ரா சொன்னாள்: “குடைப்பாட்டப் பாடுங்க.”

ஜெஃப்ரி கித்தாரைக் கீழே வைத்தான். “தொண்டை கட்டியிருக்கு சாண்ட்ரா. நாளைக்கு.”

“மெதுவா வேணாம். அன்னிக்கு எழுதினீங்களே, அந்த வேகத்துல.”

“நாளைக்குப் பாடறேன்லா.”

“என்ன டீச்சர், இவருக்கு நாளைக்கு நாளைக்குன்னு ஆயிடுச்சி” என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது, சிமிட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி நான் படியிறங்கி வந்தபோது ஏழாவது மாடி வளைவில் ஜெஃப்ரி தனியாக உட்கார்ந்திருந்தான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு முணுமுணுப்பாகப் பாடிப் பார்த்தான். முதல் வரி துள்ளியது. இரண்டாவது வரிக்குள் கை தானாகத் தளர்ந்து, பாட்டு சாவு வீட்டு நடைக்குப் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அப்படியே. பதினேழு வருஷம் இழுத்து இழுத்துப் பாடிய பாட்டு அவன் சொன்னபடி ஓட மாட்டேன் என்றது.

நான் கோபமாகத்தான் பேசினேன். “எந்த வேகத்துல வந்தா என்னடா? சும்மா பாடித் தொலையேன். அவ கேக்கிறாள்ல?”

“டீச்சர், மெதுவா வந்துடுச்சின்னா அவளுக்கு உயிரோட பெட்டிய மூடற மாதிரி ஆயிடும். அத என்னால செய்ய முடியாது.” நிமிர்ந்து பார்த்தான். “ஊருக்கெல்லாம் சொன்னேனே, அழுகை காயட்டும், அப்புறம் சிரிங்கன்னு. எனக்குக் காயவே மாட்டேங்குது. நான் என்ன செய்ய?”

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காமல் அவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

அடுத்த புதன்கிழமை காலையில் சாண்ட்ரா போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். கீழ்த்தளத்தில் நாதனை வைத்திருந்த அதே இடம். ஜெஃப்ரி யார் யாருக்கெல்லாம் பாடினானோ அத்தனை வீட்டாரும் வந்திருந்தார்கள். நிற்க இடமில்லை. மூடியைத் தூக்கினார்கள். பழக்க தோஷத்தில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். திரும்பிய பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெஃப்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கித்தாரைக் கொண்டுவரவே இல்லை.

சவுந்தரம்தான் முன்னால் வந்தாள். அன்றைக்கு வயரைப் பிடுங்கிய அதே சவுந்தரம், முகமெல்லாம் கண்ணீராக அவன் கையைப் பிடித்தாள்.

“பாடு தம்பி. எல்லாருக்கும் பாடின. ஒன் பொண்டாட்டிக்குப் பாடாம அனுப்பாத.”

“இது சாவுப் பாட்டு இல்லக்கா” என்றான் ஜெஃப்ரி. மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பாடகர் குழு ஜெபப் பாடல் ஒன்றை எடுத்தது. பெட்டியை மூடினார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் மறுபடியும் விருந்துகளுக்குப் போகிறான். கதவோரத்து மேசைக்குத்தான் பாடுகிறான். சாவு வீடுகளுக்கும் போகிறான், பெட்டி தூக்கவும் நாற்காலி போடவும். பாடச் சொல்லி இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. குடைப்பாட்டை அவன் எடுப்பதே இல்லை. முப்பது பாட்டு எழுதியவன், ஊரிலுள்ள முக்கால்வாசிப் பேருக்கு வழியனுப்பப் பாடியவன், தன் மனைவி கேட்ட ஒரே ஒரு பாட்டை அவளுக்குப் பாடவே இல்லை. அவள் அதைக் கேட்காமலேயே போய்விட்டாள்.

இந்த இடத்தில் நட்டாலி தட்டுவதை நிறுத்திவிட்டாள். முக்கால்வாசிப் பேர் என்று கூட்டிச் சொன்னதற்குத்தான் முறைக்கப் போகிறாள் என்று நினைத்து, “சரிடி, நூத்தம்பது பேருன்னு போடு” என்றேன்.

“அது இல்ல பாட்டி.” திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். “அந்தப் புதன்கிழமை காலைல அப்பா படியில இருந்து ஓடி வந்தாரு. ‘வந்துடுச்சி, வேகம் வந்துடுச்சி’ன்னு. கட்டில் கம்பியில தாளம் போட்டுப் பாடினாரு. முழுப் பாட்டும். தாளம் தப்பிடக் கூடாதுன்னு கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. அவ்வளவு வேகமா அவரு பாடி நான் கேட்டதே இல்ல. நான்தான் அம்மா கையப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். அவரு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அம்மா போயிட்டாங்க. நான் சொல்லல. பாடி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

பிறகு விசைப்பலகையில் கையை வைத்தாள்.

“அம்மா கேக்காம போயிட்டாங்கன்னு சொன்னீங்களே, அது சரி. அப்பா பாடவே இல்லன்னதுதான் தப்பு.”