கொப்பியில் இருந்த காவலரண்

இன்று காலை தன்னாமுனைச் சோதனைச்சாவடியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள்.

எனக்கு முன்னால் நின்றவர் கொழும்பில் கட்டடக்கலை படிக்கும் மாணவர். மரத்தால் கட்டியவற்றை அளந்து படமாகக் கீறுவதுதான் தன் ஆய்வு என்று பஸ்ஸில் சொல்லியிருந்தார்.

சிப்பாய் அவருடைய கொப்பியைப் புரட்டினார். பழைய வீடுகள், நெல் ஆலை, ஒரு தோணித்துறை. அடுத்த பக்கத்தில் அதே சாவடியின் காவலரண். போன கிழமை வரிசையில் நின்றபோது கீறியதாம். ஒவ்வொரு பனங்குற்றிக்கும் கண்ணளவில் நீளம் எழுதியிருந்தது.

சிப்பாய் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அதிகாரி வந்தார்.

“இத ஏன் கீறின?”

“இதுவும் மரம்தானே, சேர்.”

பின்னால் நின்ற ஒரு அம்மா, “வாய மூடு மனே,” என்றார் மெதுவாக.

அதிகாரி படத்தையும் காவலரணையும் மாறி மாறிப் பார்த்தார். “மழைக்கு நிக்குமா?”

“நிக்காது சேர். நடு வளைமரம் உளுத்துப் போச்சு.”

அதிகாரி அந்தத் தாளை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “போ.”

பஸ் புறப்பட்டதும் மாணவர் பென்சிலை எடுத்து அதே படத்தை மறுபடி கீறத் தொடங்கினார்.

“தம்பி, அடுத்த சாவடி கிட்டத்தான் இருக்கு,” என்றேன்.

“ஓம் அண்ணன். அது தென்னங்குத்தியில கட்டினது.”

அடுத்த கிழமையும் இதே பஸ்ஸில் வருகிறாராம். அவருக்குப் பக்கத்து இருக்கையில் யார் இருக்கப்போகிறீர்கள்?