டைகருக்கு ஊட்டிய பீன்ஸ்

உப்பில்லாமல் வேகிற பீன்ஸுக்கு ஒரு பச்சை வாசம் உண்டு. தாளிப்பு படாத, மிளகாய் படாத, யாருக்கும் நாக்கு ஊறாத வாசம். சின்ன வயதில் அந்த வாசத்துக்கு நான் ஏங்கிக் கிடந்தேன், பிள்ளைகளே. காரணம், அது எனக்காக வேகவில்லை. எங்கள் நாய் டைகருக்காக வெந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஷெட் ஒன்றில் அம்மா வேலை பார்த்தார். டைகரும் கூடவே போகும். அச்சில் ஊற்றக் கரைத்து வைத்த வெள்ளைக் களிமண்ணைப் பாலென்று நினைத்ததோ என்னவோ, நக்கிவிட்டு மூக்கெல்லாம் வெள்ளையாக வந்து நிற்கும். நாங்களும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தோம். ஒருநாள் வயிறு கல்லாகிப் படுத்துவிட்டது. "மாட்டாஸ்பத்திரி"க்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் மருந்து கொடுத்து, "கொஞ்ச நாளைக்குச் சோத்தோட பீன்ஸ், சுரைக்காய், கீரை வேகவெச்சு மசிச்சுக் குடுங்கம்மா. உப்பு வேணாம், வெங்காயத்தக் கண்ணுலயே காட்டாதீங்க" என்றார்.

டைகர் லேசுப்பட்டதா? சோற்றை நக்கிவிட்டு பீன்ஸை ஒதுக்கி வைத்தது. நான் பொரியலை ஒதுக்கினால் வீட்டில் அதற்குப் பெயர் "கொழுப்பு", அது ஒதுக்கினால் "பாவம், வாய்க்குப் புடிக்கல." அம்மா கீழே உட்கார்ந்து, உருண்டை பிடித்து, "என் ராசா இல்ல, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினார். ராசா என்பது அதுவரைக்கும் நான்.

பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி இப்புடிப் பாக்குற? அதுக்கு மறுபடியும் வவுத்த வலிக்கப் போவுது!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கும் ஊட்டும்மா."

"உனக்குத்தான் கை இருக்குதே, அதுக்கு இருக்குதா?" என்றார் அம்மா.

எனக்குக் கை இருக்கிறதே என்று நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டைகர் பக்கத்தில் குந்தி, வாயைத் திறந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தாடா" என்று அந்த உப்பில்லாத உருண்டையையே ஊட்டினார். குமட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் விழுங்கிவிட்டேன். உடனே டைகர் உறுமியது. தனக்கு வந்தது எனக்குப் போகிறதே என்று பொறுக்காமல், என்னை முட்டித் தள்ளிவிட்டு, அம்மா கையிலிருந்த பீன்ஸையெல்லாம் வழித்துத் தின்றது.

அம்மா அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து முதல் உருண்டை எனக்குத்தான். "வாடா, டைகர் சாப்புடணும்" என்றுதான் கூப்பிடுவார். என் பசிக்காக இல்லை என்று தெரியும்; தெரிந்தும் விழுந்தடித்து ஓடினேன். அப்போதும் எனக்கு ஒரு வாய், அதற்கு ஒரு சட்டி என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

டைகர் தேறியது. ஒரு சாயங்காலம் யாரும் கெஞ்சாமலே சட்டியில் வாய் வைத்து பீன்ஸைத் தின்று முடித்தது. "அப்பாடா, இனிமே ரெண்டு பேருக்கும் ஊட்ட வேணாம்" என்று அம்மா எழுந்து போனார். தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கோ டைகர் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. இன்னும் கொஞ்ச நாள் அடம் பிடித்திருந்தால் அதற்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

இன்று அந்த ஷெட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். டைகரைப் புதைத்த இடத்தில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். அம்மா நல்லூரில், அதற்கப்புறம் பிறந்த என் தம்பி வீட்டில் இருக்கிறார். யாருக்கும் ஊட்டிவிடுகிற வேலை இல்லை. என் மகள் ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்ததுமே அம்மா அவளிடம், "குட்டிக்கு பீன்ஸ் வெச்சியா? நல்லா மசிச்சியா? எங்க, அது மூஞ்சியக் காட்டு" என்கிறார். மகள் போனைக் குட்டியின் மூக்குக்கு நேராகப் பிடிக்கிறாள். அந்தப் பக்கம் கொஞ்சல் ஓயவில்லை. நான் சாப்பிட்டேனா என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. பக்கத்திலேயேதான் நிற்கிறேன்.