வெயிலக்காவின் மாடி

ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி வந்த வெயிலக்கா கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய கொடிக்கயிறுகளைக் காணோம். கயிறு கட்டியிருந்த இரும்புக் கம்பங்களையும் காணோம். அந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு நாற்காலிகள் மலையைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. தரையோடு தரையாகத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். முந்தின நாள் அவள் சோப்பு வாங்கக் கீழ்ச் சந்தைக்குப் போய்வந்த நேரத்தில் காரியம் முடிந்திருந்தது. கயிறுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தன. முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுமை இல்லாமல் அறுத்துப் போட்டிருந்தார்கள்.

கூடையைத் தொப்பென்று வைத்தாள். "டேய்!" என்று அவள் போட்ட சத்தத்தில், கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜீப்காரர் அண்ணாந்து பார்த்தார். அவள் கூப்பிட்டது தம்பியை. அந்த விடுதிக்கு முதலாளியும் அவன்தான்.

தம்பி பல் குச்சியோடு மேலே வந்தான்.

"ஏண்டா, என் கயித்த யாருடா அறுத்தது?"

"கத்தாதக்கா, ஆளுங்க தூங்கறாங்க. இனிமே இது வியூ பாயிண்ட். வர்றவங்க எல்லாம் சூரிய உதயம் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வர்றாங்க?"

"சூரியனப் பாக்க வர்றவன் போத்திக்கற போர்வைக்கு மட்டும் சூரியன் வேணாமா?"

"கீழ விறகு ரூம் சும்மாத்தானே கெடக்கு. அங்க கட்டிக்கோ. ஜன்னல் இருக்குல்ல."

"ஜன்னல் இருக்கு. வெயில் வருமா? அங்க அடுக்கி வச்ச விறகுலயே காளான் பூத்துச்சு. துணி காயுமாம் துணி!"

"எல்லாம் காயும். நீ மனசு வச்சா காயும்" என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து மலையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து எதிரிலேயே நிற்கிற மலை. அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவன்போல் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். அவளுக்கு அவனை அப்படியே நாற்காலியோடு பெயர்த்து எறியலாம்போல் வந்தது.

வெயிலக்கா என்பது ஊர் வைத்த பெயர். காலையில் யாரைப் பார்த்தாலும் "இன்னிக்கு வெயில் வருமா?" என்றுதான் அவள் பேச்சைத் தொடங்குவாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல், ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வீடு அப்போதே தம்பி பெயருக்கு மாறியிருந்தது. அறைகளில் இரண்டடுக்குக் கட்டில்கள் போட்டு, மலை பார்க்க வருகிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். முதுகில் ஆள் உயரப் பையைச் சுமந்துகொண்டு வருவார்கள். நூறு இடத்தில் விசாரித்து, இருப்பதிலேயே மலிவான இடம் இது என்று தெரிந்த பிறகும், "இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்று கேட்பார்கள். வந்த மறுநாளே வெயிலக்கா துவைக்க உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் சொல்லவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறை அவளுடையதானது.

அவள் உலர்த்தும் விதமே தனி. அந்த ஊரில் மூடுபனி விலகி வெயில் வந்தால் உச்சிவேளைவரைதான். அதன்பிறகு எதிர்மலையிலிருந்து மேகம் கிளம்பி வந்து ஊரையே மூடிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கனத்த போர்வையைச் சுவரோரக் கொடியிலும், மெல்லிய விரிப்பைக் காற்றோரக் கொடியிலும் போட்டு, ஒரு தடவை புரட்டிவிட்டு, கடைசியில் துணியின் ஓரத்தை மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். குளிர் ஊரில் கை பொய் சொல்லும். காய்ந்த துணியும் சில்லென்றுதான் இருக்கும், ஈரத்துணியும் சில்லென்றுதான் இருக்கும். உதட்டை ஏமாற்ற முடியாது. உதடு சரி என்று சொன்னால்தான் மடிப்பாள். "ரூம் சின்னது, பாத்ரூம் வெளிய, ஆனா படுக்கை வெயில் வாசனையா இருக்கு" என்று வந்து தங்கியவர்கள் போன இடமெல்லாம் சொன்னார்கள். அதைக் கேட்டே இன்னும் பேர் வந்தார்கள். தம்பி அது தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

விறகு அறையில் வேறு கயிறு கட்டினாள். வேறு என்ன செய்ய? முதல் வாரத்திலேயே விரிப்புகளில் ஒரு வாடை ஏறியது. நனைந்த நாயைச் சாக்கில் சுற்றி வைத்த மாதிரி. அவள் முகர்ந்துவிட்டு மறுபடி துவைத்தாள். மறுபடியும் அதே வாடை.

தம்பி வந்து கையால் தொட்டுப் பார்த்தான். "காஞ்சுதானே இருக்கு? சும்மா நொட்டை சொல்லாதக்கா. எடுத்து விரி."

"உதட்டுல வச்சுப் பாருடா."

"ஆமா, துணிக்கு முத்தம் குடுக்கறதுதான் இப்ப எனக்கு வேலை."

பத்து நாள் போகவில்லை, தங்கியவர்கள் விடுதியைப் பற்றிப் போனில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு அதை உரக்கப் படித்தான். மலை சொர்க்கமாம். மக்கள் தங்கமாம். படுக்கை மட்டும் நாறுகிறதாம்.

"கேட்டியா? உனக்கு வயசாயிடுச்சுக்கா. முன்ன மாதிரி கை ஓடல. இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவ துணிய ஜீப்ல ஏத்திக் கீழ மெஷின்காரன்கிட்ட அனுப்பிடறேன்."

"அப்ப நான்?"

"நீ என்ன, ராணி மாதிரி உக்காந்து சாப்பிடு."

அவனுடைய மனைவி பக்கத்திலிருந்து, "ஆமா அண்ணி, எவ்வளவு நாள்தான் பாடுபடுவீங்க" என்றாள். வாயில் தேன் வழிந்தது. ஆனால் முந்தின நாள்தான் அவள் அளவு டேப்போடு மாடிப்படி அறைக்குள் நுழைந்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தாள். இரண்டடுக்குக் கட்டில் எந்த உயரத்துக்கு வரும் என்பதற்கான கோடு. வெயிலக்கா அதைப் பார்த்திருந்தாள். துவைக்காத அக்காவுக்கு இந்த வீட்டில் எத்தனை நாள் தட்டு வைப்பார்கள் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மறுநாள் விடியும்போது மாடியில் கூட்டம். எல்லாரும் நாற்காலிகளில் குல்லாவும் சால்வையுமாகக் குந்திக்கொண்டு, கிழக்கே சிவப்பதற்குக் காத்திருந்தார்கள். வெயிலக்கா கூடையோடு மேலே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அறுத்துப் போட்ட கயிறுகளை எடுத்து முடிச்சுப் போட்டு நீட்டினாள். ஒரு முனையை முன்னால் சுவரோரம் நின்ற தண்ணீர்க் குழாயில் கட்டி, மறுமுனையை ஆள் இல்லாத கோடி நாற்காலியின் முதுகில் இழுத்துக் கட்டினாள். திருகாணி நன்றாகத்தான் முடுக்கியிருந்தார்கள், கொஞ்சம்கூட ஆடவில்லை. பிறகு ஈர விரிப்பைப் பளாரென்று உதறி, அத்தனை பேர் முகத்துக்கும் மலைக்கும் நடுவில் போட்டாள். ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போனாள். மலை மறைந்தது. வானம் மறைந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தாள். நாலு பேர் திட்டினால் தம்பிக்குப் புத்தி வரும்.

யாரும் திட்டவில்லை. கழுத்தில் கேமரா தொங்கவிட்டிருந்த ஒரு பெண், "அய்யோ, என்ன அழகு!" என்று எழுந்து வந்தாள். "அக்கா, இன்னொரு தடவை உதறுங்க. முகத்த இந்தப் பக்கம் வச்சு. சிரிக்க வேணாம், இப்படியே கோவமா இருங்க. அதுதான் நல்லா இருக்கு."

சத்தம் கேட்டுத் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். திட்டுவதற்காகத் திறந்த வாய், போன்களெல்லாம் படம் பிடிப்பதைப் பார்த்ததும் அப்படியே சிரிப்பாக விரிந்தது.

"இதெல்லாம் எங்க மலை வாழ்க்கைங்க. காலங்காலமா இப்படித்தான்."

"இந்த அக்கா யாரு?"

"இவங்களா? இங்க வேலை பாக்கற அம்மா."

வெயிலக்காவின் கையிலிருந்த தலையணை உறை கையிலேயே நின்றது. சின்ன வயதில் இவனுக்குக் குளிர் தாங்காது என்று தன் போர்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, சுருண்டு படுத்தவள் அவள். வேலை பாக்கற அம்மாவாம். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கேமராக்காரியிடம் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் நன்றாக விழும் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் தம்பி ஒரு துணிக்கட்டோடு வந்தான். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் புத்தம்புதுத் துணிகள்.

"அக்கா, ஒரு யோசனை. தினம் சூரியன் வர்ற நேரத்துல இதுங்கள மட்டும் மாடியில காயப் போடு. கொஞ்ச நேரம் உதறு, புரட்டு. அவங்க படம் எடுத்துக்கட்டும். அப்புறம் எடுத்து மடிச்சு வச்சிரு. நாளைக்கும் ஆவும்."

"இது நனையவே இல்லையேடா."

"நனைக்க வேணாம். சும்மாத்தான்."

"அப்ப நெசமா துவைச்ச துணி?"

"அது மெஷினுக்குப் போற வரைக்கும் விறகு ரூம்லயே இருக்கட்டும். நல்ல உடுப்பா ஒண்ணு போட்டுக்கோ, அதுக்கும் நானே வாங்கித் தரேன். பாத்தியா, துணி மெஷினுக்குப் போனாலும் உனக்கு வேலை இருக்கு."

காயாத துணி கீழே. நனையாத துணி மேலே. நாக்கு நுனிக்கு வந்த அத்தனை வார்த்தைகளையும் விழுங்கிவிட்டு, "சரி" என்றாள். அந்தச் சரியைக் கேட்டுத் தம்பி பயந்திருக்கவேண்டும். அவன் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போனான்.

முதலாளி வீட்டுப் படுக்கைக்கு மட்டும் ஏன் வாடை வரவில்லை என்பதை வெயிலக்கா என்றைக்கோ கவனித்து வைத்திருந்தாள். தம்பி மனைவி தங்கள் விரிப்பையும் போர்வையையும் யாருக்கும் தெரியாமல் சமையல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்திக்கொண்டாள். அன்று படுக்கை போடும் நேரத்தில் வெயிலக்கா அவர்கள் அறைக்குள் போனாள். அடுப்புச் சூட்டில் காய்ந்ததையெல்லாம் உருவி எடுத்தாள். விறகு அறையில் கிடந்ததை, வந்து தங்குகிறவர்களுக்கு எதை விரித்தாளோ அதையே, நான்கு மூலையும் இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்தாள். இரண்டு கனத்த போர்வை, இரண்டு தலையணை உறை. கையால் தடவிப் பார்த்தாள். சில்லென்று, ஆனால் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

காலையில் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்தான். கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவன் மனைவி தும்மித் தும்மிக் கண் சிவந்து வந்தாள். தங்கியிருந்தவர்கள் பையைக் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றார்கள். ஜீப்காரரும் நின்றார்.

"என்னக்கா விரிச்சிருக்க? நாத்தம் குடலப் புடுங்குது! எலும்புக்குள்ள ஈரம் ஏறிடுச்சு!"

"நீ கையால தொட்டுப் பாக்கலையா? காஞ்சுதானே இருந்துச்சு?"

"அண்ணி, இது வேணும்னே பண்ணது" என்றாள் மனைவி, தும்மலுக்கு நடுவில்.

"ஆமா, வேணும்னேதான். ஊரான் புள்ளைங்க இத்தன நாளா அதுலதான் படுத்து எந்திரிக்குதுங்க. நீ ஒரு ராத்திரி படுத்தா செத்தா போயிடுவ?"

ஜீப்காரர் சிரிப்பை அடக்க இருமினார். "முதலாளி, இதையும் போன்ல எழுதிப் போட்ரட்டுமா?"

"நீ வாய மூடுய்யா!"

கேமராக்காரி வழக்கம்போல் கேமராவைத் தூக்கினாள். வெயிலக்கா அவள் பக்கம் திரும்பினாள். வெளியாட்களிடம் அதிகம் பேசிப் பழக்கமில்லாதவள். அன்று பேசினாள்.

"நான் இங்க வேலை பாக்கற அம்மா இல்ல. இவன் கூடப் பொறந்த அக்கா. இந்த வீட்டுல பொறந்தவ. அத எழுதிக்கோ. கோவமா இருந்தா நல்லா இருக்குன்னு சொன்னியே, இப்ப எடு."

கேமரா மெல்லக் கீழே இறங்கியது. தம்பி அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான்.

"இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"சூரியன் மேல வர்ற வரைக்கும் உன் ஆளுங்க உக்காரட்டும். வந்தாச்சுன்னா எந்திரிச்சுப் போயிரணும். உச்சிவேளை வரைக்கும் மாடி என்னுது. மெஷினு கிஷினுக்குத் துணி எதுவும் போகக்கூடாது. என் ரூமுக்குள்ள டேப்போட எவளும் நுழையக்கூடாது. முடியாதுன்னா சொல்லு, நாளைக்கும் உனக்கு நானே படுக்கை போடறேன்."

தம்பி கழுத்தைத் தடவிக்கொண்டு, "சரி சரி, போ" என்றான்.

அதன்பிறகு நாற்காலி முதுகுகளே கொடிக்கம்பங்களாயின. சூரியன் வந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைமேலேயே அவள் விரிப்பை உதறிப் போட்டாள். கழுத்துக்குள் தண்ணீர் சொட்டினால் தானாக எழுந்து போனார்கள். இரண்டு வாரத்தில் வாடை போய்விட்டது. போனில் மறுபடி நல்லதாக எழுதினார்கள். தம்பி அதையும் உரக்கப் படித்தான். வருகிறவர்களிடம், "இவங்க எங்க அக்கா" என்று இப்போது இரண்டு தடவை சொல்கிறான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. நாறும் படுக்கையில் படுத்து எழுந்த பிறகு ஞாபகம் வந்த சொந்தம் அது.

மஞ்சளும் ஊதாவும் சிவப்புமான அந்தப் புதுத்துணிகளைக் கிழித்துத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். தம்பி மனைவி ஒருநாள் வாளியில் கிடந்த ஊதாத் துணியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

மாடிப்படி அறையின் சுவரில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. ஈரக்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். அவள் தேய்க்கவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் அதைப் பார்க்கிறாள். பிறகுதான் எழுந்து போய், வெயில் வருமா என்று பார்க்கிறாள்.