மூன்று புள்ளி போட்ட வண்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் மாத்தளை ரத்தோட்டை வீதியில் இருக்கும் என் கராஜின் சுவரில் பாதியை இந்தக் கைதான் கட்டியது. தேயிலை பெக்டரியில் கழித்துப் போட்ட லேத் ஒன்றை ஆறு மாதம் கழற்றிப் பூட்டி ஓட வைத்தேன்; இன்றைக்கும் ஓடுகிறது. மிளகு உதிர்க்கும் இயந்திரம் செய்தேன். வில்கமுவக்காரர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் கொழுவுகிற நெல் வண்டி செய்து கொடுத்தேன். கலேவெலவில் கிடந்த ஒரு சேசி, யாரோ கிணற்றடியில் போட்டிருந்த ஒரு இஞ்சின், வேறொரு வண்டியின் டேங்க், மூன்றையும் சேர்த்து ஒரே வண்டியாக்கி அதில்தான் என் கலியாணத்துக்கே போனேன். எதற்கும் படம் கிடையாது, புத்தகம் கிடையாது, சொல்லித் தர ஆளும் கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, பலசரக்குக் கடை ஹாஜியாரின் வண்டி. அதைப் பற்றி ஊரே தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைக்கிறேன்.

அது முந்நூற்றைம்பது சிசி இங்கிலீஷ் வண்டி. தோட்டத்துத் துரை விட்டுப்போனதை ஹாஜியாரின் வாப்பா வாங்கி, ஏலக்காய் மூட்டை கட்டி ஓட்டினார். பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் இறங்காத காலம் வந்தது. வண்டி மாட்டுத் தொழுவத்தில் படுத்தது. கண்டி, கொழும்பு என்று எல்லா இடத்திலும் கைவிரித்த பிறகு என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை.

தேயிலை உருட்டும் மேசையில் வரிவரியாகப் பித்தளைப் பட்டை பதித்திருப்பார்கள். தேய்ந்தால் கழற்றி மூலையில் எறிவார்கள். அந்தப் பட்டையை உருக்கி, கடைந்து, கியர் பெட்டிக்கு புஷ் வளையம் போட்டேன். கார்பரேட்டருக்குள் ஏறி இறங்குகிற துண்டு, பெட்ரோல் டேங்க் மூடி, இரண்டும் அதே பித்தளைதான். கிளச்சுக்குத் தக்கை வேண்டும். துரைமார் பங்களாவின் பின்பக்கம் கிடந்த போத்தல் தக்கைகளைப் பொறுக்கி, ஒரே அளவாக வெட்டி, கஞ்சித் தண்ணீரில் ஊற வைத்து அடித்தேன். வண்டி எழுந்தது.

என் கையால் செய்த சாமானில் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் தட்டி மூன்று புள்ளி போடுவது என் வழக்கம். பெயர் வெட்டலாம்தான். எழுதினால் பிழை வரும், ஆட்கள் சிரிப்பார்கள். புள்ளியில் பிழை வராது.

இப்போது எங்கள் ஊரில் பழைய மோட்டார் சைக்கிள்காரர்களின் வட்டம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் கூடுவார்கள். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் சண்டை பிடிப்பார்கள். போன வருடம் மைதானத்தில் ஒரு கண்காட்சி வைப்பதென்றும், எல்லாவற்றிலும் சிறந்த வண்டியை நடுமேடையில் ஏற்றுவதென்றும் தீர்மானித்தார்கள். எது சிறந்தது என்பதில் நாலு ஞாயிறு போனது. இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர்தான் வட்டத்தின் தலைவர். அவர் கைபேசியைப் பார்த்துத்தான் பேசுவார்.

“உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம். இந்தா, நூறு வண்டி லிஸ்ட் போட்டிருக்கான். மொத பத்துல பாதிக்கு மேல இங்கிலீஷ் வண்டிதான்” என்றார்.

“லிஸ்ட் போட்டவன் ரிவர்ஸ்டன் மல ஏறியிருக்கானா சேர்?” என்று கேட்டேன்.

“அவன் ஏன் பாஸ் ரிவர்ஸ்டன் ஏறணும்?” கைவேலைக்காரனை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ரெண்டு மூட்ட மிளகு கட்டி, மழையில ஏறிப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் லிஸ்ட் போடட்டும்.”

நான் நெல் வண்டி செய்து கொடுத்த வில்கமுவக்காரரும் வந்திருந்தார். “எங்க பக்கம் எம்.டி. நைன்டிதான். சேத்துல விழுந்தா தூக்கி ஒதறிட்டு ஓட்டலாம். இங்கிலீஷ் வண்டி விழுந்தா தூக்க டிராக்டர் வரணும்” என்றார்.

“அது ஜப்பான்ல தபால் குடுத்த வண்டி” என்றார் ஹாஜியார். “அத நடுவுல வெச்சா வாற ஆக்கள் எங்களுக்குக் கடுதாசி ஈக்கிதான்னு கேப்பாங்க.”

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு வேகம், எந்தப் போட்டியில் வென்றது, எந்த நடிகன் ஓட்டினான் என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. சாமான் கிடைக்காத ஊரில் செத்து, இருப்பதை வைத்துத் திரும்ப எழும்பின வண்டி எதுவோ, அதுதான் சிறந்த வண்டி. இதை நான் நாலு ஞாயிறும் சொன்னேன். நாலாவது ஞாயிறு அதிபர் என் முதுகில் தட்டினார்.

“பாஸ், நீங்க வண்டியெல்லாம் ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க. எது பெருசுன்னு நாங்க பேசிக்கிறோம்.”

கடைசியில் ஹாஜியாரின் வண்டியைத்தான் தெரிவு செய்தார்கள். எனக்குள் சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன். மைதானத்தில் அதன் முன்னால் வைத்த அட்டையை வாசிக்கும் வரைதான் அந்தச் சந்தோசம். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் தப்பாக வாசித்துவிட்டேனோ என்று இரண்டு தரம் பார்த்தேன். ‘இந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இலங்கையில் எவர் கையும் படாத மூல நிலை.’ அதிபரின் கையெழுத்து, முத்து முத்தாக.

கொழும்பிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பேசப் பேச அதிபர் தமிழில் சொன்னார். நிபுணர் டேங்க் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“இதுல மூணு புள்ளி இருக்கு பாருங்க. இது அந்த பெக்டரியோட முத்திரையாம். தரம் பாத்து எடுத்த சாமானுக்கு மட்டுந்தான் போடுவாங்களாம். இப்பிடிப் பித்தள இங்கிலாந்துல மட்டுந்தான் வருமாம்” என்றார் அதிபர்.

ஆட்கள் மூடியைப் படம் பிடித்தார்கள். நான் முன்னால் போனேன்.

“சேர், அது நான் போட்ட புள்ளி.”

“கொஞ்சம் இருங்க பாஸ், அவரு பேசி முடிக்கட்டும்.”

“அவரு பேசுறதே என்னயப் பத்தித்தான் சேர்.”

அவர் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. மைதான மூலையில் தேநீர்க் கடைக்காரர் பாய்லரோடு வந்து கடை போட்டிருந்தார். நிபுணரின் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போய், பாய்லரின் குழாய்ப் பிடியைக் காட்டினேன். அதிலும் மூன்று புள்ளி. “இந்தப் பாய்லரும் இங்கிலாந்தான்னு கேளுங்க சேர்” என்றேன்.

“அது பாஸ் செஞ்சு குடுத்த டெப். ஒழுகவே இல்ல” என்றார் கடைக்காரர். பாவம், அவர் ஒருவர்தான் அன்றைக்கு உண்மை பேசினார்.

நிபுணர் பிடியையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுருங்கியது. அதிபர் மெதுவாகச் சொன்னார்: “அப்பிடின்னா வண்டி ஒரிஜினல் இல்லியாம். நடுமேடையில வெக்க ஏலாதாம்.”

ஹாஜியார் என்னை ஒரு பக்கமாக இழுத்தார். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

“பாஸ், இது எங்கட வாப்பா ஓட்டின வண்டி. பேரப்புள்ளயள் எல்லாம் வந்து ஈக்கிறாங்க. அதுகளுக்கு முன்னுக்கு எறக்க வெச்சிராதீங்க.”

“எறக்கச் சொல்லல ஹாஜியார். என்னையும் ஏத்தச் சொல்றேன்.”

அதற்குள் அதிபர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். படித்த மூளை அல்லவா. நிபுணரிடம் என்னவோ சொல்ல, அவர் தலையை ஆட்டிச் சிரித்து, என் தோளில் கை போட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல பாஸ். நீங்க அந்த வண்டியில முத்திரையப் பாத்து ஆசப்பட்டு, அதே மாதிரி பாய்லருக்கும் போட்டிருக்கீங்கன்னு சொன்னேன்.”

என் புள்ளியை நானே திருடியவன் ஆனேன். வாயைத் திறந்தேன். எதிரே ஹாஜியார் பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் என்னைத் தேயிலைத் தோட்டத்தான் என்று தள்ளி நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டவர். வாயை மூடினேன். வண்டி மேடையிலேயே நின்றது. மாலையில் அதை ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார்கள். யார் உதைத்தும் பிடிக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள். கார்பரேட்டரை விரலால் கொஞ்சம் தட்டி, ஒரே உதையில் எழுப்பிக் கொடுத்தேன். நிபுணருக்குக் கை தட்டினார்கள்.

அந்த அட்டை இப்போது ஹாஜியாரின் கடைச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. இந்த வருடமும் கண்காட்சி இருக்கிறது. அதே வண்டி, அதே மேடை, அதே அட்டை என்று வட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளின் முகத்துக்காக ஒரு வருடம் பொறுத்தேன். இனி முடியாது. ஒரிஜினல் இல்லாவிட்டால் சிறந்த வண்டி இல்லை என்றால், அந்தத் தக்கையையும் பித்தளையையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, மிச்சத்தை மேடையில் ஏற்றிப் பார்க்கட்டும்.

போன கிழமை சீனி வாங்கப் போகிற சாக்கில் அட்டையை அளந்து வந்தேன். கீழே நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது. ‘எவர் கையும் படாத’ என்ற சொற்களை வெட்டிவிட்டு, அந்த நாலு விரலில் அதிபரே தன் முத்துக் கையெழுத்தில் எழுத வேண்டும்: செத்த வண்டியை எழுப்பியது ரத்தோட்டை வீதி பாஸ், அந்த மூன்று புள்ளியும் அவருடையது. கீழே என் முழுப் பெயரும் வர வேண்டும், தகப்பன் பெயரோடு. பிழை இல்லாமல்.