ஜட்ஜின் காது

“கதையெல்லாம் அப்புறம். மொதல்ல சாவியத் திருப்பு.”

காலையில் நன்றாகத்தான் ஓடியது, கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கிளம்பவில்லை என்று சொல்ல வந்த வண்டிக்காரர், பாதியில் வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருப்புவார். பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் மெக்கானிக் ஒரு நொடி அசையாமல் நிற்பார். பிறகு வெளியே வந்து, “பேட்டரி செத்துப்போச்சு” என்பார். அல்லது, “செல்ஃப் மோட்டார். கழட்டணும்.” மேல்முறையீடு கிடையாது. அதனாலேயே தெருவில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். எதிரில் நின்று கூப்பிடும்போது மட்டும் ஜட்ஜய்யா.

வண்டி கிளம்பாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் உண்டு என்பது அவர் கட்சி. சாவியைத் திருப்பியதும் டகடகடகவென்று பொடிச் சத்தம் வந்தால், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலே இழுக்கப் பார்க்கிறது, பேட்டரியில் பலமில்லாமல் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பொருள். ஒரே ஒரு ‘டக்’கோடு அடங்கிவிட்டால், கரண்ட் வாசல்வரை வந்துவிட்டது, இன்ஜினைச் சுற்றிவிட வேண்டிய செல்ஃப் மோட்டார்தான் மக்கர் பண்ணுகிறது. சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச்சிலோ வயரிலோ கோளாறு. இத்தனையையும் மீட்டர் வைத்து அளந்து சொல்லலாம். பட்டறையில் மீட்டரும் இருக்கிறது. ஆனால் அதைத் தொடுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. “மீட்டர் பார்த்துச் சொல்றதுக்கு மெக்கானிக் எதுக்கு? காது இல்லாதவனுக்குத்தான் அது” என்பார். இதை அவர் சொல்லிக் கேட்காத வாடிக்கையாளர் அந்த வட்டாரத்தில் இருக்க முடியாது.

நாக்கில் ஆசிட் என்று சொன்னால் மிகையில்லை. ஒருவர், “பேட்டரி புதுசுங்க, போன மாசம்தான் போட்டேன்” என்றார். “புதுசுன்னா? எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லணுமா?” இன்னொருவரின் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. அவரிடம், “விதை எங்க வாங்கினீங்க, நல்லா வளர்ந்திருக்கே” என்று விசாரித்தார். திட்டு வாங்கிக்கொண்டும் ஆட்கள் வருவார்கள். சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான். என் கிழட்டு வண்டியின் புண்ணியத்தில் நான் அங்கே மாதம் தவறாமல் ஆஜர். திட்டில் எனக்கும் நல்ல பங்கு உண்டு.

பட்டறையின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு நீள மேஜை. அதன்மேல் சார்ஜுக்குப் போட்ட பேட்டரிகள் வரிசையாக இருக்கும். அது அவர் மனைவியின் இடம். மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பார்ப்பது, காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது, முனைகளை வெந்நீர் விட்டுத் தேய்ப்பது எல்லாம் அந்த அம்மாதான். ஆசிட் தெறித்து அவருடைய பழைய மேல்கோட்டு முழுக்கப் பொத்தல். வருகிறவர்கள் அவரை அக்கா என்பார்கள். ஜட்ஜ் ‘இந்தா’ என்பார், கோபத்தில் ‘ஏய்’. வேறு பெயர் வைத்து அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஜட்ஜுக்குக் காது போய்விட்டது என்பது எனக்கு ஒரு ரொட்டி வேன்காரர் விஷயத்தில்தான் தெரிந்தது. அந்த வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டகடகடகவென்று அடித்தது. நான் வாசலில் இருந்தேன், எனக்கே நன்றாகக் கேட்டது. ஜட்ஜ் தலையை வெளியே எடுத்து, “சத்தமே இல்ல. ஸ்விட்ச் வயர்” என்றார்.

“என்னங்க, டகடகன்னு அடிச்சுதே. பேட்டரியப் பாருங்களேன்” என்றார் மனைவி.

“நீ தண்ணி ஊத்துற வேலையப் பாரு.”

அதன்பிறகு வேனின் முன்பலகை கழன்றது. குடல் சரிந்த மாதிரி வயர்கள் வெளியே தொங்கின. பொழுது ஏற ஏற ஜட்ஜுக்கு வேர்த்தது. வேன்காரர் ரொட்டித் தட்டுகளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போக வேண்டிய நேரம் தாண்டி, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருக்கும் நேரமும் தாண்டியது. கடைசியில் அந்த அம்மா யாரையும் கேட்காமல் வேறு பேட்டரி ஒன்றை இடுப்பில் அணைத்துத் தூக்கிவந்து மாட்டினார். முதல் திருப்பிலேயே வேன் எடுத்தது.

“வயரை நான் சரி பண்ணினதாலதான் எடுத்துச்சு. சும்மா பேட்டரி மாத்தினா எடுத்துடுமா?” என்றார் ஜட்ஜ். வேன்காரர் அதையும் நம்பி, கும்பிட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவிவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது பிறகு தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் என் வண்டியைத் தொட வேறு ஆளும் இல்லை.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். தடித்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கிறது. லாரி ஹாரனுக்குத் திரும்புகிறார். சன்னமான சத்தம்தான் போய்விட்டது. அவர் பிழைப்போ அந்தச் சன்னமான சத்தத்தில்தான் இருக்கிறது. யாராவது பேசினால் அவர்கள் வாயையே உற்றுப் பார்க்கிறார். முறைக்கிறார் என்று நினைத்து அவர்கள் பயந்து சத்தமாகப் பேசுகிறார்கள், அதுவும் அவருக்கு வசதியாகப் போகிறது. டாக்டரிடம் போகலாமே என்று ஒருநாள் மெல்லப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். “எனக்கா? உங்க வண்டி இருமுறது அந்தத் தெருமுனையில வரும்போதே எனக்குக் கேக்குது” என்றார். என் வண்டி அன்று வீட்டில் இருந்தது. நான் பஸ்ஸில் வந்திருந்தேன்.

அப்புறமும் தீர்ப்புகள் தப்பாமல் வந்துகொண்டிருந்தன. எப்படி என்று எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. வண்டிகளை இப்போது அவர் குறுக்கே நிறுத்தச் சொல்கிறார். பானெட்டுக்குள் குனிந்தபடியே பின்பக்க மேஜை தெரிய வேண்டும். சாவி திரும்பும்போது அந்த அம்மா பேட்டரி மூடியில் விரல்நுனிகளால் வேகமாகத் தட்டினால் அது டகடக. முஷ்டியை மேஜையில் வைத்தால் ஒற்றை டக். உள்ளங்கையை விரித்தால் சத்தமே இல்லை. ஜட்ஜ் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நிமிர்ந்து தீர்ப்புச் சொல்வார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம்.

“அவருக்காகன்னு நினைக்காதீங்க” என்றார் அந்த அம்மா, நான் ஒருநாள் தனியாகக் கேட்டபோது. “அந்த ரொட்டிக்காரர் மூஞ்சி கண்ணுலயே நிக்குது. வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?” பேட்டரி மூடியைத் திருகிக்கொண்டே, “காது கேக்கலடின்னு ஒரு தடவ என்கிட்ட சொல்லட்டும். அது போதும்” என்றார். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான்.

போன வாரம் நான் போனபோது வாசலில் வரிசை நின்றது. முதல் வண்டி ஒரு வாடகைக் கார். சாவி திரும்பியது, மேஜைமேல் விரல்கள் தட்டின, ஜட்ஜ் நிமிர்ந்து “பேட்டரி” என்றார். மாற்றிய உடனே கார் கிளம்பியது. டிரைவர் வாயெல்லாம் பல்லாக, “ஜட்ஜய்யா, காதுன்னா உங்க காதுதான். அக்கா, இத்தனை வருஷம் கூட இருந்தீங்களே, நீங்க கொஞ்சம் கத்துக்கக் கூடாதா?” என்றார்.

இங்கே ஜட்ஜ் சும்மா இருந்திருக்கலாம். சிரித்து மழுப்பியிருந்தால்கூடப் போதும். ஆனால் வரிசையில் ஆள் நின்றால் அவருக்கு நாக்கு ஊறும்.

“இவளா? இவளுக்குக் காது தோடு மாட்டத்தான்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை மூடினார். எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சுவரோரமிருந்த ஒரு பேட்டரியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வண்டி ஒரு நர்ஸுடையது. வேலைக்கு நேரமாகிறது என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். சாவி திரும்பியது. ஜட்ஜின் கண் மேஜைக்குப் போனது. அங்கே ஒரு முதுகுதான் இருந்தது.

“இன்னொரு தடவ.”

திரும்பியது. சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது, வரிசைக்கே கேட்டிருக்கும்.

“இன்னொரு தடவ போடும்மா.”

“எவ்வளவு தடவங்க? எனக்கு டியூட்டி இருக்கு” என்றார் நர்ஸ். சிரித்தவர்களின் சிரிப்பு இப்போது அடங்கிவிட்டது. ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். ஜட்ஜ், “இந்தா” என்றார். முதுகு அசையவில்லை. மறுபடி, “இந்தா” என்றார். இத்தனை நாளில் அந்தக் குரலில் அதட்டல் இல்லாமல் கேட்டது அன்றுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“நீங்க பேசாம இருங்க” என்றார் அந்த அம்மா, திரும்பாமலே. வரிசையில் எல்லோருக்கும் அது கேட்டது. ஜட்ஜுக்கு மட்டும் கேட்கவில்லை.

ஜட்ஜ் கருவிப் பெட்டியைக் கிளறி, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். பானெட்டுக்குள் நன்றாகக் குனிந்து, அதன் நுனியைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஊன்றினார். கிரீஸ் படிந்த அதன் மரப்பிடியை, அத்தனை பேர் பார்க்க, வாய்க்குள் வைத்து, காதில் விழாத அதிர்வு பல் வழியாக ஏறும்படி இறுக்கிக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, சாவியைத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினார்.