துரை காதில் விழாத சத்தம்

பசறைக்கு மேலே உள்ள தோட்டத்தை விட்டு, ஒரு மாற்று வேட்டியும் ஒரு கம்பளியும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பதுளை ரோட்டில் நான் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் அண்ணன் ஓட்டி வந்த லொறியின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அண்ணனின் வண்டி என்று தெரியும். சக்கரம் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தில் இரும்பு இரும்பைத் தட்டும். அது டொக், டொக் என்று கேட்கும்.

அண்ணன் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். ஸ்டேஷனுக்குப் போகும் தேயிலைப் பெட்டிகள் மேலே படுதா போட்டிருந்தது. பெட்டி தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கடா போற?"

"எங்கயாச்சும் போறேன்."

"எங்கயாச்சும் போறதுக்கு எதுக்கு நடந்து போற? ஏறு, ஸ்டேஷன்ல எறக்கி விடுறேன்."

"இல்லண்ணே. நா நடந்தே போயிக்கிறேன்."

அண்ணன் மேலும் கேட்கவில்லை. அண்ணி சுட்டுக் கொடுத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

நான் ஏன் ஏறவில்லை, அந்தச் சத்தம் எதனால் வந்தது என்பதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத என்னால் முடியாது. அண்ணனின் தலைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இதே தோட்டத்தில், ஓடைக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளான லயத்தில். எங்கள் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் தவழும்போது அம்மா காய்ச்சலில் போனார். இரண்டு வருடத்தில் அப்பாவும் போனார். பன்னிரண்டு வயதில் அண்ணன் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நின்றாராம். இரண்டாவது ஆள் எதற்கு என்று கங்காணி கேட்டதற்கு, தூங்குகிற வேலைக்கு இவன் பேரைப் பதிந்துகொள்ளுங்கள் என்று அண்ணன் சொன்னதாக லயத்துப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பதுளைக்கு ரயில் வருவதற்கு முன்னால் எங்கள் தேயிலை மாட்டு வண்டியில் பண்டாரவளைக்குப் போகும். அண்ணன் பல வருடம் அந்த வண்டி ஓட்டினார். எந்தச் சக்கரத்தில் மசகு காய்ந்திருக்கிறது என்பதைக் கீச்சுச் சத்தத்தை வைத்தே சொல்வார். மாட்டை அடித்து நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கும் பெண்களை ஏற்றிக்கொள்வார். அதற்காகத் திட்டும் வாங்குவார், மறுநாளும் ஏற்றுவார். ரயில் பதுளைக்கு வந்ததும் தோட்டத்துக்கு லொறி வந்தது. அண்ணன் ஒரே மாதத்தில் ஓட்டப் பழகினார். எண்ணெய் டின்னில் இருந்த எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துகளையும் படித்துக்கொண்டார். அவருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளில் இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். இருப்பது ஒரு மகள்.

நான் பதினைந்து வயதில் ஓடியவன். கொஸ்லாந்தையில் மரம் அறுத்தேன். தெமோதரையில் ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. திரும்பி வரும்போதெல்லாம் அண்ணன் காரணம் கேட்டதில்லை. "வந்துட்டியா, கைய கழுவு" என்பார்.

கடைசியாக நான் திரும்பி வந்தது ஐப்பசி மழையில், ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத்தான் லொறியின் தட்டலை முதலில் கேட்டேன். என்னவென்று கேட்டதற்கு, தேய்ந்துபோய்விட்டது என்றார் அண்ணன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

லொறியின் பாரத்தைத் தாங்குவது பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு வில். வில்லின் நுனி வளையம்போலச் சுருண்டிருக்கும், அதைக் கண் என்பார்கள். கண்ணுக்குள் ஒரு பித்தளைக் குழாய் இருக்கும், அதன் பெயர் புஷ். புஷ்ஷுக்குள் விரல் தடிப்பில் இரும்புப் பின் ஒன்று போகும். பித்தளை தேய்ந்தால் பின் உள்ளே ஆடும், ஆடினால் தட்டும். புதுப் புஷ் போடுவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை. அதைக் கொழும்பிலிருந்து வரவழைக்கத் தோட்டத்தை நடத்தும் துரை கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. லொறி என்றால் சத்தம் போடும் என்பதே துரையின் பதில். கடைசியில், திங்கட்கிழமை தானே ஏறி வந்து கேட்டுப் பார்ப்பதாகத் துரை சொல்லியிருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியாது.

நான் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் அரிசி வாங்கப் பசறைக்குப் போனார்கள். அத்தனை வருடம் சோறு போட்டவருக்கு ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தேன். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கும் ஈயத் தகட்டின் துண்டுகள் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மூலையில் கிடக்கும். பெட்டி அடிக்கும் ஆட்கள் ஆடுகிற கதவுக்கும் கோடரிப் பிடிக்கும் அதைத்தான் சுற்றுவார்கள். நான் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து வண்டியின் சட்டத்தைத் தூக்கி, பின்வில் இரண்டிலும் இருந்த நான்கு பின்களையும் அடித்துக் கழற்றினேன். கிரீஸ் மேலேயே ஈயத்தை இறுகச் சுற்றித் திரும்ப அடித்து ஏற்றினேன். நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைக் குழியில் தள்ளிப் பார்த்தேன். சத்தம் இல்லை. அண்ணன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை துரை முன்னால் ஏறி உட்கார்ந்தார். பசறை கடைத்தெரு வரை போய் அரை மணி நேரத்தில் திரும்பினார்கள். துரை இறங்கி, அண்ணனைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போனார். அண்ணன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். வில்லின் கண்ணில் ஈயம் பளபளத்தது. நேராக என்னிடம் வந்தார்.

"நீயா சுத்துன?"

"ஆமாண்ணே. நல்லாருக்கா?"

அண்ணன் லொறியின் படியில் உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா அந்தச் சத்தத்தத்தான்டா அவரு காதுல விழ வைக்கணும்னு அலைஞ்சேன். இன்னைக்கு அவரு ஏறுனாரு, அது வாயை மூடிக்கிச்சு."

பங்களாவுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். துரை நம்பவில்லை. வண்டி ஓட்ட மனமில்லை என்றால் மண்வெட்டி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாராம். கணக்கப்பிள்ளை மட்டும் மனம் இரங்கி, கொழும்புக்குப் போகும் சாமான் பட்டியலில் நாலு புஷ், நாலு பின் என்று ஓரத்தில் எழுதிச் சேர்த்தார்.

இரண்டே நாளில் ஈயம் நசுங்கி ரோட்டில் உதிர்ந்தது. தட்டல் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. கொழுந்து குவிந்திருந்த நேரம், வண்டியை நிறுத்த முடியாது. ஸ்டோர் ஆட்கள் எனக்கு ஈய டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். நான் போகும் பக்கமெல்லாம், "டாக்டரே, எம் பொஞ்சாதி வாயும் தட்டுது, ஒரு சுத்து சுத்தி வுடுங்க" என்று ஒருவன் கூப்பிட்டான். அண்ணன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை மூட்டையைக் கட்டினேன்.

ரொட்டியைத் தின்றுகொண்டு நடந்தேன். லொறி எனக்குக் கீழே வளைவு வளைவாக இறங்குவது காதில் கேட்டது. மூன்று வளைவுகள் தட்டிக்கொண்டே போனது. நாலாவதில் ஒரு பெரிய சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் ஓடினேன்.

பின் முறிந்து, வில் கழன்று, பின்சக்கரம் கோணி, வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. ஈரப் புல்லெல்லாம் தேயிலை. மேலே இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள், ஒருவருக்குக் கை முறிந்தது. அண்ணனின் நெஞ்சு ஸ்டியரிங்குக்குக் கீழே நசுங்கியிருந்தது. வண்டியின் பின்பலகையைக் கழற்றி அவரைக் கிடத்தித் தூக்கினோம்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் முறிந்த பின்னைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பாதி கறுத்துத் துருப்புடிச்சிருக்கு பாரு. மீதிதான் புதுசா ஒடஞ்சது. ரொம்ப நாளாவே கீறல் வுட்டிருக்கு. நீ சுத்துனதால இல்லடா."

அண்ணன் உள்ளதைச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. இரண்டும் ஒன்றுதான். துரை சத்தத்தைக் கேட்டிருந்தால் பின்னைக் கழற்றியிருப்பார்கள், கீறல் தெரிந்திருக்கும். அதைவிட, அந்த ஞாயிற்றுக்கிழமை அதே பின் என் கையில் இருந்தது. கிரீஸைத் துடைத்து நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அண்ணன் போய்விட்டார்.

டிரைவர் வேகமாக ஓட்டியதால் விபத்து என்று தோட்டத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் ஈயம் சுற்றியதைக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார். அந்த எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, மாறப்போவதும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த ரோட்டில் மூன்று எட்டுக்கு ஒரு குழி இருக்கும். ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் நான் இரண்டு எட்டு நடந்தேன். ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அண்ணன் வேகமாக ஓட்டவில்லை.

அடுத்த வாரமே அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளும் இப்போது பெரட்டில் நிற்கிறாள்.

பள்ளத்தில் இறங்கி அண்ணனைத் தூக்கிய லயத்து ஆட்களை நாங்கள் மறக்க மாட்டோம். வில் வண்டியைக் கொடுத்து ஆஸ்பத்திரிவரை கூடவே நடந்து வந்தவர் பசறையில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்கள் நானா. மூன்று நாளும் கஞ்சி அனுப்பியது அவர் வீட்டார். அண்ணி பக்கத்தில் பதினாறு நாளும் படுத்திருந்த பெண்களுக்கும், கை முறிந்த நிலையிலும் பாடையோடு நடந்து வந்த அந்த நண்பருக்கும், சுடுகாட்டுக்கு வந்த எல்லோருக்கும் அண்ணியின் சார்பிலும் மகளின் சார்பிலும் கும்பிடு.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. நான் மறுபடியும் மூட்டை கட்டி வைத்திருந்தேன். மறுநாள் காலை கணக்கப்பிள்ளை ஒரு சிறிய மரப்பெட்டியோடு லயத்துக்கு வந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. உள்ளே நாலு புஷ், நாலு பின். லொறியை மாடு கட்டி இழுத்து ஸ்டோர் வாசலில் போட்டிருக்கிறார்கள், பூட்ட ஆள் இல்லை என்றார்.

"போறதுன்னா போ. இதப் போட்டுட்டுப் போ."

ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கினேன். பழைய புஷ்களை அறுத்து எடுத்தேன். கண்ணைச் சுரண்டித் துடைத்து, நீள போல்ட் போட்டு இறுக்கி, புதியதை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். எண்ணெய் ஓட்டை நேராக வந்ததா என்று கம்பி விட்டுப் பார்த்தேன். பிறகு பின்களை எடுத்தேன். துருப்பிடிக்காமல் இருக்க அவற்றின் மேல் கிரீஸ் தடவி அனுப்பியிருந்தார்கள். நான்கையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றிலும் கீறல் இல்லை.