மணலில் நடந்த எங்கள் ஒட்டகம்

சுனாமிக்கு அடுத்த வருடம், ஐப்பசி மாதம். மரக்காணம் உப்பளத்துக்குக் கிழக்கே, எங்கள் குப்பத்துக் கடற்கரையில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வளைகுடாவில் டிரைவராக இருந்தவர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய இன்ஜின் பிக்கப்பில் மணல் மேடு ஏறிய கதையை, கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், விடமாட்டார். ஊர் திரும்பியதும் அந்தக் காலத்து மாடலையே தேடிப் பிடித்து ஏலத்தில் எடுத்தார். உப்பு மூட்டை ஏற்றத்தான். ஆனால் அது டீசல் குடிக்கிற குடி இருக்கிறதே, அப்பப்பா! பக்கத்து வீட்டு அண்ணன் அதற்கு ‘ஒட்டகம்’ என்று பேரே வைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் “ஒட்டகம் குடிச்சிடுச்சா?” என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு வரும் பாருங்கள் கோபம்! நான் வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான். உப்பளத்து ஓரம் காலி மண்ணில் வீட்டுக்காரரே சொல்லிக்கொடுத்தார்.

அன்று காலை கடல் சரியில்லை. அந்த அண்ணனின் ஃபைபர் போட்டைக் கரை சேருகிற நேரத்தில் அலை கவிழ்த்துவிட்டது. கூட வந்தவர்கள் தப்பிவிட்டார்கள். அவர் கால் மட்டும் கடல் பக்க விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அலை வரும்போதெல்லாம் முகம் மூழ்கியது. இரண்டு பேர் அவர் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கரைவலை இழுப்பதுபோல் ஊரே ‘ஏலேலோ’ போட்டு போட்டை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் போட்டு ஆடி, மறுபடி அவர் கால்மேலேயே உட்கார்ந்தது. அவர் அலறியதைக் கேட்க முடியவில்லை.

“நிறுத்துங்கப்பா, காலே போயிடும்!” என்று கத்திக்கொண்டே ஓடிய வீட்டுக்காரர், வண்டியோடு வந்தார். மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் காற்றை இறக்க ஆரம்பித்தார்.

“ஏம்பா, பைத்தியமா உனக்கு? இருக்கிற காத்தையும் புடுங்குறியே!” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“டயரு பரந்து நின்னாத்தான் மணல்ல பூராது. தள்ளுங்க.”

சொன்னபடியே, சப்பை டயரோடு வண்டி புதையாமல் மணலில் நடந்தது!

வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கால் மாட்டிய விளிம்பில் கயிற்றைக் கட்டி, போட்டின் முதுகு மேலாகக் கரைக்குக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினார். மெதுவாக இழுத்தால் விளிம்பு தூக்கும். வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறுந்து, போட்டு மறுபடி கால்மேல் விழும். பக்கத்தில் நின்று காலைப் பார்த்துச் சொல்ல அவர் தண்ணீரில் இருக்க வேண்டும். அந்த வண்டியை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான்.

“பொம்பளையா? வேணாம்பா!” என்றார் ஒருவர்.

“அவதான் ஓட்டுவா” என்றார் வீட்டுக்காரர். “வாம்மா. நான் கை காட்டுனா நிறுத்து.”

ஏறி உட்கார்ந்தேன். நாலு சக்கரமும் இழுக்க வைக்கிற கியர் குச்சியைப் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி துள்ளவில்லை, திணறவில்லை. உறுமிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கண்ணாடியில் அவர் கை உயர்ந்ததும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஒரே கூச்சல். அண்ணனை வெளியே இழுத்துவிட்டார்கள்! ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

எலும்பு முறிவுதான், கால் பிழைத்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் வண்டிக்கு முதல் மாலை போட்டவர் அந்த அண்ணன்தான். பேரை மட்டும் மாற்றவில்லை. “யாருப்பா அது, எங்க ஒட்டகத்துமேல சாயுறது?” என்று அவரே எல்லோரையும் விரட்டினார்.

அந்த வண்டி இப்போது எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு உயிர் ஊசலாடும்போது ஊரே கேட்க “அவதான் ஓட்டுவா” என்று அவர் சொன்னதை நினைத்தால், இன்றைக்கும் நான் ஒரு பிடி உயரமாகத்தான் நடக்கிறேன்.